கூகை: நாம் பழி சுமத்திய பறவையின் உடற்கூறு

கடந்த வருடம் கச்சான் காற்று ஓங்கி வீசிய காலம். சுபஹுத் தொழுதுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கை முடக்கில், ஆள் குடியில்லாத ஒரு வளவின் வேலியோரமாக நாலைந்து பொடியன்மார் கையில் கல்லோடு நின்றார்கள். அண்ணாந்து பார்த்தேன். முருங்கை மரத்துக் கொப்பில் வெள்ளையாக ஏதோ தலைகீழாகத் தொங்கி அடித்துக் கொண்டிருந்தது. ஷொப்பிங் பேக் ஒன்று காற்றில் சிக்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனதும் அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"சேர், சாக்குருவி! எறிஞ்சி விழுத்தப் போறம்" என்றான் ஒருவன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற வகுப்பில் இருப்பவன்தான்.

பட்டம் ஏற்றிய தங்கூசி அறுந்து மரத்தில் கிடந்திருக்கிறது. இரவில் எலி தேடி வந்த பறவையின் வலது செட்டையில் அது சுற்றிக் கொண்டது. உதறி உதறி நூல் தோலுக்குள் இறங்கிவிட்டது. பொடியன்மாரைக் கொண்டே ஏணி எடுப்பித்து, தோளில் கிடந்த சால்வையால் பறவையை மூடிப் பிடித்து, நூலை வெட்டி இறக்கினோம். இறக்கும்போது அது பாம்பு சீறுவதைப் போல நீளமாக ஒரு சத்தம் போட்டது. கல்லோடு நின்றவன் கல்லைப் போட்டுவிட்டு நாலடி பின்னால் போனான்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும்தான் உண்மையான பிரச்சினை தொடங்கியது. எங்கள் உம்மம்மா அப்போது மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். பக்கத்து வீட்டு மாமி வாசலிலேயே என்னை மறித்துக் கொண்டார்.

"அல்லாஹ்வே! இத ஏன் மகன் ஊட்டுக்குக் கொண்டு வந்த நீங்க? ஒரு கிழமையா ராவுல கத்தித் திரிஞ்சது இதுதான். ஊட்டுல சீக்காளி இரிக்கிற நேரம். அடிச்சித் தாட்டுப் போடுங்க."

மாமி கொடுமைக்காரி அல்ல. உம்மம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பாசத்திலிருந்துதான் அந்தப் பயமும் வந்தது. ஆகவே அவரோடு தர்க்கம் பண்ணாமல் பறவையை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். வாகனம் மறுநாள் காலையில்தான் வரும், அதுவரை இருட்டில் வையுங்கள், வாய்க்குள் ஒன்றும் ஊற்றாதீர்கள் என்றார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அந்தப் பறவை எங்கள் வீட்டில் இருந்தது. அந்த நேரத்தில் நான் பார்த்தவற்றையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கின்ற விலங்கியல் உண்மைகளையும் எழுதுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

இது எந்தப் பறவை?

ஆந்தைகளை விலங்கியலாளர்கள் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். மஞ்சள் கண்ணோடு உருண்டைத் தலை கொண்டவை உட்பட பெரும்பாலான ஆந்தைகள் ஒரு குடும்பம். மற்றையது கூகைக் குடும்பம். எங்கள் கையில் கிடைத்தது இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்த வெண்கூகை. நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. செட்டையை விரித்தால் மூன்றடிக்குக் கிட்ட வரும். ஆனால் நிறை சுமார் அரைக் கிலோதான். தூக்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் "இவ்வளவுதானா?" என்றார்கள். வெளியே தெரிகிற பருமனில் பெரும்பங்கு இறகுதான்.

முதுகு பொன்னிறமும் சாம்பலும் கலந்தது. வயிறும் செட்டையின் அடிப்பக்கமும் வெள்ளை. இரவில் லாம்பு வெளிச்சத்தில் இப்பறவை தலைக்கு மேலால் பறந்தால், கீழே நிற்கிறவனுக்கு அந்த வெள்ளை மட்டும்தான் தெரியும். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும் வெள்ளை உருவம். இதன் குரலும் மற்ற ஆந்தைகளைப் போன்ற "ஊ...ஊ..." அல்ல. சீலை கிழிவதைப் போன்ற நீண்ட கீச்சிடல். பேய்க் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மலாய் மொழியில் ஆந்தைக்குப் பெயரே 'புரொங் ஹந்து', அதாவது பேய்ப்பறவை. நாம் சாக்குருவி என்கிறோம்.

முகம் முழுவதும் ஒரு காது

கூகையின் முகம் இருதய வடிவமானது. அதை அழகுக்கு அமைந்த முகம் என்று நினைத்து விடக்கூடாது. அது சத்தத்தைச் சேகரிக்கும் ஒரு தட்டு. முகத்தின் ஓரம் முழுவதும் நெருக்கமான, விறைப்பான சிற்றிறகுகள் வரிசையாக நின்று ஒரு விளிம்பை அமைக்கின்றன. நாம் சரியாகக் கேட்காதபோது உள்ளங்கையைக் குழித்துக் காதோரம் வைப்போமே, அந்த வேலையை இந்த முகம் எந்நேரமும் செய்து கொண்டிருக்கிறது. முகத்தட்டில் பட்ட ஒலி அதன் வளைவால் காதுத் துவாரத்துக்குள் திருப்பி விடப்படுகிறது.

அந்த இறகுகளை மெல்ல விலக்கினால்தான் காது தெரியும். மிருக வைத்தியர் பின்னேரம் வந்து காயத்தைப் பார்த்தபோது விலக்கிக் காட்டினார். அப்போதுதான் அந்த அதிசயத்தைக் கண்ணால் கண்டேன். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை! இடது காதுத் துவாரம் சற்று உயரத்தில் இருந்து கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வலது காது சற்றுத் தாழ்ந்து மேல்நோக்கியிருக்கிறது.

இதன் பயன் என்ன? எலி ஒன்று வலப்பக்கம் ஓடினால் அதன் சத்தம் வலது காதுக்கு முந்தியும் இடது காதுக்குப் பிந்தியும் வந்து சேரும். இந்த நேர வித்தியாசம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மிகக் குறைவு. அதை வைத்து எலி இடமா வலமா என்று மூளை கணக்கிடுகிறது. நமக்கும் இந்த ஆற்றல் ஓரளவு உண்டு. ஆனால் சத்தம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதைக் கணிப்பதில் நாம் பலவீனர்கள். கூகைக்கு அங்கேதான் இந்தக் கோணல் காது உதவுகிறது. கீழிருந்து வரும் ஒலி இடது காதில் உரத்துக் கேட்கும். மேலிருந்து வருவது வலது காதில் உரத்துக் கேட்கும். நேர வித்தியாசம் இடவலத்தைச் சொல்கிறது. உரத்த வித்தியாசம் மேல்கீழைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் எலி இருக்கிற புள்ளி கிடைத்து விடுகிறது.

அமெரிக்க விஞ்ஞானி ரொஜர் பெய்ன் இதைச் சோதித்துப் பார்த்தவர். ஒளி துளியும் புகாத அறையில், சருகு பரப்பிய தரையில் எலியை விட்டார். கூகை அந்தக் கும்மிருட்டில் பறந்து வந்து எலியைப் பிடித்தது. மணத்தைக் கொண்டு பிடித்ததா, எலியின் உடற்சூட்டைக் கொண்டு பிடித்ததா என்ற கேள்விக்கும் விடை கண்டார். எலிக்குப் பதிலாகக் கடதாசிச் சுருளொன்றைச் சருகின் மேல் இழுத்தபோது, கூகை கடதாசியில் பாய்ந்தது. சத்தம் ஒன்றே அதற்குப் போதுமாக இருந்தது. 1978 ஆம் ஆண்டில் எரிக் நட்சென், மசகாசு கொனிஷி என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கூகையின் நடுமூளையில் ஒலிகளுக்கென்று ஒரு வரைபடமே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெளியில் ஒவ்வொரு திசைக்கும் மூளைக்குள் அதற்கென ஒரு நரம்புக்கல வட்டாரம். மனிதன் ஒலியின் இடத்தை எப்படி அறிகிறான் என்ற ஆராய்ச்சிக்கும் இந்தப் பறவை ஒரு ஆசானாக ஆகிவிட்டது.

அசையாத கண், சுழலும் கழுத்து

பெட்டியைச் சற்றுத் திறந்து பார்த்தபோதெல்லாம் அது கண்ணை உருட்டவில்லை. முழுத் தலையையுமே திருப்பியது. காரணம், ஆந்தைகளின் கண் நம்முடையதைப் போலப் பந்து வடிவமானதல்ல. குழாய் வடிவமானது. சுற்றிவர ஒரு என்பு வளையம் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. எனவே கண் குழிக்குள் சுழல இடமில்லை. நேரே மட்டும்தான் பார்க்கலாம். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் கலங்கள் மிக நெருக்கமாக உள்ளன. அதனால் அற்ப வெளிச்சத்திலும் பார்வை கிடைக்கிறது. பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது தவறு. பகலிலும் அதற்குக் கண் தெரியும்.

கண்ணுக்கு மூன்று இமைகள் உண்டு. இமைக்கும்போது மேலிமை கீழே வருகிறது. தூங்கும்போது கீழிமை மேலே போகிறது. மூன்றாவது இமை ஒரு மெல்லிய சவ்வு. அது குறுக்காக ஓடிக் கண்ணைத் துடைத்து, இரையின் மேல் பாயும் நேரத்தில் கண்ணைக் காக்கிறது.

அசையாத கண்ணுக்கு ஈடாகக் கிடைத்ததுதான் அந்தக் கழுத்து. மனிதனின் கழுத்தில் முள்ளென்புகள் 7. ஆந்தையின் கழுத்தில் 14. நம்முடைய மண்டையோடு முதலாவது முள்ளென்பின் மேல் இரண்டு புள்ளிகளில் பொருந்தி நிற்கிறது. பறவைகளுக்கு ஒரே புள்ளி. எனவே அச்சாணியில் சுற்றுவதைப் போலத் தலையைச் சுற்ற முடிகிறது. ஒரு பக்கத்துக்கு 270 பாகை வரை ஆந்தை தலையைத் திருப்பும். முழுவட்டம் சுற்றுகிறது என்று சொல்வது மிகை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அப்படித் திருகினால் மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படாதா? மனிதனின் கழுத்து சடுதியாக முறுகினால் நாடி கிழிந்து பக்கவாதமே வரலாம். 2013 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு விடை சொன்னார்கள். ஆந்தையின் கழுத்து முள்ளென்புகளில் நாடி செல்லும் துவாரம், நாடியின் பருமனைப் போலச் சுமார் பத்து மடங்கு அகலமானது. எனவே என்பு திரும்பினாலும் உள்ளே நாடி நசியாமல் அசைவதற்கு இடமிருக்கிறது. அதோடு, தாடைக்குக் கீழே நாடிகள் விரிந்து சிறு இரத்தச் சேமிப்பிடங்களாகின்றன. கழுத்து திரும்பியிருக்கும் வேளையில் மூளையும் கண்ணும் அந்தச் சேமிப்பிலிருந்து இரத்தத்தைப் பெறுகின்றன. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் படுத்திருந்த உம்மம்மாவின் அறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் யோசித்தபோது, மனசுக்கு என்னவோ போல இருந்தது.

சத்தமில்லாத செட்டை

புறா கிளம்பினால் படபடவென்று கேட்கும். காகம் தலைக்கு மேலால் போனால் செட்டைச் சத்தம் கேட்கும். கூகை பறந்தால் ஏன் ஒன்றும் கேட்பதில்லை? காயப்பட்ட செட்டையை வைத்தியர் விரித்துப் பிடித்தபோது அதன் இறகைத் தொட்டுப் பார்த்தோம். மூன்று விடயங்கள் தெரிந்தன.

முதலாவது, முன்பக்கத்து இறகின் ஓரம் சீப்பின் பற்களைப் போல இருக்கிறது. செட்டையில் மோதும் காற்றை அது சிறு சிறு கூறுகளாகப் பிரித்துவிடுகிறது. இரண்டாவது, இறகின் மேற்பரப்பு வெல்வெட் சீலையைப் போன்றது. ஓர் இறகு மற்றதோடு உரசும் சத்தத்தை அது விழுங்கிவிடுகிறது. மூன்றாவது, இறகின் பின்னோரம் குஞ்சம் விட்ட துணியைப் போலப் பிரிந்து மென்மையாக முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரைக் கிலோ உடம்புக்கு அவ்வளவு பெரிய செட்டை. ஆகவே வேகமாக அடிக்கத் தேவையில்லை. மிதந்து வந்தால் போதும்.

இதில் இரட்டை இலாபம் இருக்கிறது. எலிக்குக் கூகை வருவது கேட்காது. கூகைக்குத் தன் செட்டைச் சத்தம் குறுக்கிடாததால் எலியின் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஜப்பானின் 500 தொடர் சிங்கன்சென் ரயில் 1997 இல் ஓடத் தொடங்கியபோது, மேலே மின்சாரம் எடுக்கும் பகுதியின் இரைச்சலைக் குறைக்கப் பொறியியலாளர்கள் இந்தச் சீப்பு இறகின் தத்துவத்தையே பின்பற்றினார்கள்.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. இந்த மென்மையான இறகு தண்ணீரைத் தாங்காது. அடைமழையில் கூகை நனைந்து பாரமாகிவிடும். தொடர்ந்து மழை பெய்கிற நாட்களில் இரை தேட முடியாமல் அது பட்டினி கிடக்கிறது. ஆகவேதான் வீட்டுக் கூரை, பழைய நெல் மில், பாவிக்காத கட்டடம் என்று மனிதனின் நிழலைத் தேடி வருகிறது. அது நம் வீட்டுக்கு வருவது ஒதுங்குவதற்கு. ஆள் பிடிப்பதற்கு அல்ல.

காலும் வயிறும்

கூகையின் கால் நீளமானது. புல்லுக்குள்ளும் நெற்பயிருக்குள்ளும் எட்டிப் பிடிக்க அது உதவும். விரல்கள் நான்கு. வெளிப்பக்க விரலை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிக் கொள்ளலாம். பிடிக்கும்போது இரண்டு முன்னால், இரண்டு பின்னால் என்று வைத்து எலியைக் கொளுவிக் கொள்கிறது. நடுவிரல் நகத்தின் ஓரத்தில் சீப்பைப் போன்ற பற்கள் உண்டு. முகத்து இறகைக் கோதிச் சுத்தம் செய்வதற்கு அது பயன்படுகிறது. முகம்தான் காது என்றால், அதைச் சுத்தமாக வைக்க ஒரு சீப்பும் கூடவே படைக்கப்பட்டிருக்கிறது. சுப்ஹானல்லாஹ்.

இரையைக் கூகை பெரும்பாலும் முழுதாகவே விழுங்கும். ஆந்தைகளுக்குக் கோழியைப் போல இரைச் சேமிப்புப் பை கிடையாது. எலி நேரே இரைப்பைக்குப் போகிறது. அங்கே தசை கரைகிறது. என்பும் மயிரும் கரைவதில்லை. அவை ஓர் உருண்டையாகத் திரண்டு, சில மணி நேரத்தின் பின் வாய் வழியே வெளியே வந்துவிடுகின்றன.

மறுநாள் காலையில் பெட்டியின் மூலையில் கறுப்பாக, பெருவிரல் அளவில் அப்படி ஓர் உருண்டை கிடந்தது. கையுறை போட்டுக் கொண்டு தண்ணீரில் ஊற வைத்து ஊசியால் பிரித்தேன். இரண்டு எலி மண்டையோடுகள், செம்மஞ்சள் நிற முன்பற்களோடு. ஒரு மூஞ்சூறின் தாடை. வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் காக்காவுக்கு அதைக் காட்டினேன். ஆறு ஏக்கர் வெள்ளாமை செய்கிறவர்.

"இது ஒரு ராவுக்குத் திண்டதா?"

"இது முதல் நாள் ராவு திண்டது. நூலில சிக்காட்டி இன்னும் பிடிச்சிரிக்கும்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நான் எலிக்கு மருந்து வைக்கிற காசுக்கு இத வளக்கலாம் போல" என்றார்.

பழி எங்கிருந்து வந்தது?

ஆந்தை கத்தினால் மரணம் என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஜாஹிலிய்யாக் கால அரபிகளிடமும் அது இருந்தது. அதற்கு 'ஹாமா' என்று பெயர். கொலையுண்டவனுக்குப் பழி வாங்கப்படாவிட்டால் அவனுடைய தலையிலிருந்து ஒரு பறவை கிளம்பி, தாகம் தாகம் என்று கத்தித் திரியும் என்று அவர்கள் நம்பினார்கள். வீட்டின் மேல் ஆந்தை வந்து அமர்ந்தால் அந்த வீட்டில் ஒரு மௌத்து விழும் என்ற பொருளும் அச்சொல்லுக்குச் சொல்லப்படுகிறது. ஹதீஸ் விளக்கவுரைகளில் இவ்விரண்டு கருத்துகளும் பதிவாகியுள்ளன. பறவைச் சகுனத்தையும் இந்த ஹாமாவையும் அப்படி ஒன்று இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் பெயர் சொல்லி மறுக்கப்பட்ட ஒரு நம்பிக்கையை, தொழுது நோன்பு பிடிக்கிற நாம் எங்கள் ஒழுங்கையில் கல்லோடு காத்து நிற்கிறோம்.

அப்படியானால் நோயாளி இருக்கும் வீட்டருகே ஆந்தை கத்துகிறதே, அது பொய்யா? பொய் அல்ல. அதற்குச் சாதாரண காரணம் இருக்கிறது. நோயாளி இருக்கிற வீட்டில் இரவு முழுக்க லைட் எரியும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லியும் தவளையும் வரும். நோயாளிக்குச் சமைத்து மிஞ்சியதற்கு எலி வரும். எலிக்கு ஆந்தை வரும். அதைவிட முக்கியமாக, அந்த வீட்டில் ஆட்கள் விழித்திருப்பார்கள். மற்ற வீடுகளின் மேலாலும் அது கத்திக் கொண்டுதான் போகிறது. அங்கே எல்லோரும் தூக்கம். கேட்பதற்கு ஆளில்லை. கத்தியும் மரணம் நிகழாத இரவுகளை நாம் கணக்கில் எடுப்பதில்லை. நிகழ்ந்த ஓர் இரவை ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிகிறோம்.

வட்டையும் எலியும்

விதைப்பிலிருந்து களஞ்சியம் வரை எலி நம் உழைப்பில் பங்கு கேட்கிறது. அது நெல்லை மட்டும் எடுப்பதில்லை. எலிக்காய்ச்சலையும் கொண்டு வருகிறது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். அவர்களில் வயலில் இறங்கி வேலை செய்த விவசாயிகள் பலர்.

மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த, 1980களிலிருந்தே கூகைக்குக் கூட்டுப் பெட்டி வைத்து வருகிறார்கள். 'பேய்ப்பறவை' என்று பெயர் வைத்த அதே நாட்டில்தான் அதற்கு வீடும் கட்டிக் கொடுக்கிறார்கள். கம்பத்தின் உச்சியில் ஒரு பலகைப் பெட்டி, பக்கத்தில் ஒரு துவாரம். அவ்வளவுதான். கூகை கூடு கட்டத் தெரியாத பறவை. இருண்ட பொந்து ஒன்று கிடைத்தால் போதும், நாலு முதல் ஏழு முட்டை வரை இட்டுவிடும். முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாகப் பொரிக்கின்றன. அந்தக் குஞ்சுகளின் வயிற்றை நிரப்பத் தாயும் தகப்பனும் இரவு முழுக்க எலி சுமக்கின்றன.

பெட்டி வைக்க முடியாதவர்கள் வட்டையில் குறுக்குக் கம்பு கட்டிய தடிகளை நட்டாலும் போதும். கூகை அதில் அமர்ந்து காது கொடுக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. கூகையை வரவேற்றுக்கொண்டு எலி நஞ்சையும் வைக்க முடியாது. இன்று விற்பனையாகும் கடுமையான எலி நஞ்சுகள் சில, இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் இலகுவில் பிடிபடும். அதை விழுங்கிய கூகையின் ஈரலில் அந்த நஞ்சு தங்குகிறது. இரண்டு எலி, மூன்று எலி என்று சேர்ந்து, கடைசியில் கூகை உள்ளே இரத்தம் கசிந்து செத்துப் போகிறது. எலியோ ஓரிரு மாதத்தில் மீண்டும் பெருகிவிடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டுமே குஞ்சு பொரிக்கும் கூகை அப்படிப் பெருகாது.

காயப்பட்ட பறவை கையில் கிடைத்தால்

இனி வாசகர்களுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்.

பறவையின் நாக்கின் அடியில்தான் மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. நாம் இரக்கப்பட்டு வாய்க்குள் தண்ணீர் ஊற்றினால், அது நேரே சுவாசப்பைக்குப் போய்ப் பறவையைக் கொன்றுவிடும். பால் அறவே கொடுக்கக் கூடாது. பறவைக்குப் பால் சமிக்காது. சோறும் பாணும் ஆந்தையின் உணவல்ல.

துணியால் தலையை மூடிப் பிடிக்க வேண்டும். இருட்டில் அது அமைதியாகிவிடும். அலகைவிடக் கால் நகம்தான் ஆபத்தானது, ஆகவே காலைப் பிடித்துக் கொள்ள வேண்டும். காற்றுத் துவாரமிட்ட அட்டைப் பெட்டியில், சத்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அடிக்கடி திறக்கக் கூடாது. பயத்தாலேயே பறவை இறந்து போகலாம். தங்கூசி தோலுக்குள் இறங்கியிருந்தால் இழுக்காமல் இரு பக்கமும் வெட்டிவிட்டு, மிச்சத்தை வைத்தியரிடம் விட வேண்டும். நிலத்தில் கிடக்கும் குஞ்சு காயமில்லாமல் இருந்தால், அதை ஏற்றக்கூடிய பொந்துக்கே திருப்பி ஏற்றிவிடுவது நல்லது.

ஆந்தையை வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் அனுமதியில்லை. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவற்றைப் பாதுகாக்கின்றன. திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படைப்பதே சரியான வழி.

அந்தப் பறவைக்கு என்ன நடந்தது?

வைத்தியர் பார்த்தபோது என்பு முறிந்திருக்கவில்லை. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே செட்டையின் முன்னோரமாக ஓடும் தோல்மடிப்புதான் கிழிந்திருந்தது. அந்தத் தோல் சரியாகப் பொருந்தாவிட்டால் பறவை ஒருபோதும் பறக்காது என்றார். மூன்று தையல் போட்டார்.

அன்றிரவு உம்மம்மா என்னைக் கூப்பிட்டார். வாய் கொஞ்சம் கோணியிருந்ததால் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"அதக் கொண்டு வா மகன், பாக்க."

மாமி வேண்டாம் என்று தலையசைத்தார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் பெட்டியைத் தூக்கிப் போய்க் கட்டிலோரம் வைத்து, மூடியைக் கொஞ்சமாகத் திறந்தேன். பறவை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார்.

"மொகம் கல்பு மாதிரி இரிக்கி" என்றார். பிறகு, "இது பாவம். நம்மளப் போல ஒரு பக்கம் ஏலாமக் கிடக்கு. மூடி வை" என்றார்.

திணைக்களத்தார் கொண்டு போய்ப் பதினெட்டாம் நாள், பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று அதைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். மஃரிபுக்குப் பிறகு அதே வேலியோரம் பெட்டியைத் திறந்தோம். ஒரு நிமிடம் அது அசையவேயில்லை. பிறகு என் தலைக்கு மேலால், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், வட்டைப் பக்கமாகப் போனது. இரண்டு காதையும் தீட்டிக் கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. கல்லோடு நின்ற அந்தப் பொடியன், முருங்கை மரத்தில் மிஞ்சிக் கிடந்த தங்கூசியைச் சுருட்டி எடுத்துக் கொண்டிருந்தான்.

உம்மம்மா அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். மாரி முடிந்து ஒரு லுஹர் நேரத்தில், நல்ல வெயிலில், மௌத்தானார். மய்யித்து வீட்டுக்கு வந்த மாமி அன்றிரவு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"முந்தின ராவு அது கத்தினதா மகன்?"

"நான் கவனிக்கல்ல மாமி" என்றேன்.

"நானும் கவனிக்கல்ல" என்றார்.